காந்தியடிகளும் கல்விமொழி வழக்கும்

போர்பந்தரில் 1869 அக்டோபர் 2ஆம் நாள் பிறந்த மோகன்தாஸ் கரம்சந்த் காந்தியின் வாழ்வை நம் மக்கள் பலவாறு அறிவர். தண்டிக் கடற்கரையில் உப்பு எடுத்ததும், இராட்டை சுழற்றியதும், நவகாளியில் வெறுங்காலுடன் நடந்ததும் பள்ளிச் சிறுவர்க்கும் தெரிந்த செய்திகள். ஆயினும், இளமையில் தொடங்கி இறுதிநாள் வரை அவர் விடாது நடத்திய வழக்கு ஒன்று உண்டு. பிள்ளைகள் எம்மொழியின் வாயிலாகக் கற்க வேண்டும் என்பதே அவ்வழக்கு. பெற்ற தாயின் மொழியிலா, உலகெங்கும் செல்லும் பொதுமொழி ஒன்றிலா என்ற வினாவை அவர் மேடையில் எழுப்புவதற்கு நெடுங்காலம் முன்பே தம் இல்லத்தில் எதிர்கொண்டார். தம் மக்களை வைத்தே அதற்கு விடை கண்டார். அவ்விடையின் சுமையை அம்மக்களும் தாங்க நேர்ந்தது. இக்கட்டுரை அப்பெரியாரின் வாழ்வை அந்த ஒரு கோணத்தில் மட்டுமே காண முற்படுகிறது.

தந்தையார் கரம்சந்த் காந்தி சமஸ்தானத் திவானாக விளங்கியவர். குஜராத்தி ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஏட்டுக்கல்வி பெறாதவர், ஆங்கிலம் அறியாதவர். அன்னையார் புத்லிபாய் நோன்பிலும் விரதத்திலும் உறுதி மிக்கவர். மழைக்காலத்தில் கதிரவனைக் கண்ட பின்னரே உணவு கொள்வது என்ற விரதத்தையும் அவர் காத்து வந்தார். சமண முனிவர்கள் அவ்வில்லத்துக்கு அடிக்கடி எழுந்தருளித் தந்தையாருடன் அறவுரையாடுவது வழக்கம். அவ்வுரையாடல்கள் யாவும் குஜராத்தியில் நிகழ்ந்தன. சிறுவன் மோகன்தாஸ் அருகிருந்து கேட்டான். கேட்டது அவனுக்கு விளங்கியது.

பள்ளியில் நிலைமை வேறு. பின்னாளில் ஆல்பிரட் உயர்நிலைப்பள்ளி என்று பெயர் பெற்ற ராஜ்கோட் பள்ளியில், நான்காம் வகுப்பிலிருந்து பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. வடிவகணிதம் அவனுக்குப் புதிய பாடம். ஆசிரியர் நன்கு விளக்குபவர்தாம்; ஆயினும் அவர் கூறியது சிறுவனுக்குப் பிடிபடவில்லை. ஓர் ஆண்டில் இரு வகுப்புகளைக் கடந்து வந்தவன் அவன். மீண்டும் கீழ்வகுப்புக்கே திரும்பிவிடலாமா என்று பலநாள் எண்ணினான். யூக்ளிடின் பதின்மூன்றாம் தேற்றத்தை எட்டியபோதுதான், பாடம் எளிது என்பதும் இடையே நின்ற திரை மொழியே என்பதும் அவனுக்குப் புலப்பட்டன. வகுப்பில் குஜராத்தியில் பேசிய மாணவர்க்குத் தண்டனை உண்டு. சமஸ்கிருதத்தையும் பாரசீகத்தையுங்கூட ஆங்கிலத்தின் வழியாகவே கற்க வேண்டியிருந்தது. கணிதமும் வேதியியலும் வானநூலும் நான்கு ஆண்டுகளில் கற்ற அளவைத் தாய்மொழியில் ஓராண்டில் கற்றிருக்கக்கூடும் என்று முதுமையில் அவர் கணக்கிட்டார். அக்கணக்கினும் நம் நெஞ்சைத் தொடுவது அவர் கூறிய மற்றொரு செய்தி. தாம் பள்ளியில் கற்ற எதையும் தந்தையாருடன் பகிர்ந்துகொள்ள இயலவில்லை என்பதே அது. திவான் பதவியை நிருவகித்த அறிவாளர் ஒருவர், தம் மகன் எதனைப் படிக்கிறான் என்பதை அறிய வழியின்றி அதே கூரையின் கீழ் வாழ்ந்தார்.

1887ல் மெட்ரிகுலேஷன் தேறிப் பாவநகர் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் விரிவுரைகள் விளங்கவில்லை. ஒரு பருவம் முடிந்ததும் வீடு திரும்பினார். பின்னர் பாரிஸ்டர் படிப்புக்காக இங்கிலாந்து செல்லும் திட்டம் எழுந்தது. அன்னையாரின் அச்சத்தைத் தீர்க்க முன்வந்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். புலால், மது, பிறமாதர் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்ற விரதத்தை அவர் முன்னிலையில் இளைஞர் ஏற்றார். 1888 செப்டம்பர் 4ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. கப்பலில் அவ்விரதத்தைக் காப்பதற்கே மொழி இடையூறாயிற்று. எந்த உணவில் இறைச்சி கலவாதிருக்கிறது என்று பணியாளரிடம் ஆங்கிலத்தில் வினவும் துணிவு அவருக்கு இல்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் பல்லாண்டு பயின்றவர், உணவுமேசைக்குச் செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் அறையிலேயே உண்டு காலங்கழித்தார்.

இலண்டனில் அவர் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்றார். இலத்தீன் தேர்வில் முதன்முறை தோற்று மறுமுறை வென்றார்; உரோமானியச் சட்டத்தை இலத்தீன் மூலத்திலேயே படித்தார். பிறமொழி கற்பதில் அவருக்கு வெறுப்பு இருந்ததாக எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

1891ல் தாயகம் திரும்பியபோது அன்னையார் மறைந்த செய்தி காத்திருந்தது. அத்துயரின் நடுவே, பம்பாயில் மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில், அவர் வாழ்வை மாற்றிய சந்திப்பு ஒன்று நிகழ்ந்தது. மருத்துவரின் தமையனாருக்கு மருமகனான ராய்சந்த்பாய் அங்கிருந்தார். பின்னர் ஸ்ரீமத் ராஜ்சந்திரர் எனச் சமண உலகம் போற்றிய அப்பெருமகனார்க்கு அப்போது வயது இருபத்து நான்கிற்குள்தான். தொழில் நகை வணிகம். நாட்டம் ஆன்ம ஞானம். நூறு செய்திகளை ஒருங்கே நினைவிற் கொள்ளும் சதாவதானி என்றும் அவர் புகழ் பெற்றிருந்தார். இலண்டனிலிருந்து வந்த பாரிஸ்டர் அவரைச் சோதிக்க விரும்பினார். தாம் அறிந்த ஐரோப்பிய மொழிகளிலிருந்தெல்லாம் சொற்களைத் தேடித் தம் சொல்வளம் தீருமளவும் அடுக்கினார். ஆங்கிலக் கல்வி பெறாத, குஜராத்திப் பள்ளிப் படிப்போடு நின்ற ராய்சந்த்பாய் அச்சொற்களனைத்தையும் வரிசை பிறழாமல் திரும்பக் கூறினார்.

நினைவாற்றலைக் கண்டு வியந்தவர் பலர். காந்தியடிகள் அதனோடு நின்றாரல்லர். அம்மனிதரின் சாத்திரப் புலமையும், மாசற்ற ஒழுக்கமும், கடையில் அமர்ந்து முத்தும் வைரமும் மதிப்பிட்டு முடித்த கணமே ஆன்மக் குறிப்பேட்டைத் திறந்துகொள்ளும் பற்றின்மையும் அவரை ஆட்கொண்டன. இங்கிலாந்து சென்று வந்தோம் என்ற செருக்கு அங்கே கரைந்தது. தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்கள் அவரை அலைக்கழித்த 1894ஆம் ஆண்டில், இருபத்தேழு வினாக்களை எழுதி அவருக்கே அனுப்பினார். குஜராத்தியில் வந்த விடைகள் அவர் மனத்தை நிலைநிறுத்தின. உயிர், வினை, வீடுபேறு என்னும் நுண்பொருள்களை ஆராய்வதற்கு அங்காடியிலும் அடுக்களையிலும் வழங்கும் மொழியே போதும் என்பதை ராய்சந்த்பாயிடம் அவர் நேரிற் கண்டார். 1896ல் நடியாதில் ராஜ்சந்திரர் இயற்றிய ஆத்மசித்தி 142 செய்யுட்களும் குஜராத்தியில் அமைந்தவையே. சமவசரணத்தில் எழும் திவ்யத்வனி, பதினெண் பெருமொழிகளாகவும் எழுநூறு சிறுமொழிகளாகவும் விரிந்து, கேட்போர் ஒவ்வொருவர்க்கும் அவரவர் மொழியில் விளங்கும் என்ற மரபில் வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. ஆங்கிலப் பள்ளியில் பயின்று வந்த பாரிஸ்டருக்கு அது பெருந்தெளிவு.

தென்னாப்பிரிக்காவில் அவருக்குத் தேவைப்பட்ட மொழி தமிழ். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் பெரும்பகுதியினர் தமிழரும் தெலுங்கரும். 1894ல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, வெள்ளை முதலாளியால் அடியுண்டு, பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அழுதவண்ணம் அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். அவர் கூறிய துயரத்தைத் தமிழரான எழுத்தர் ஒருவர் வாயிலாகவே காந்தியடிகள் அறிய முடிந்தது. பிறகு அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப் எழுதிய தமிழ்க் கையேட்டை வைத்துப் பயின்றார். அதற்குமேல் அவர் தமிழ் வளரவில்லை. அதனை மறைக்காமல் எழுதியும் வைத்தார். 1903ல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளிவந்தது. சில ஆண்டுகளில் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுபோயின. நல்லெண்ணம் மட்டுமே ஒரு மொழியை அச்சில் நிலைக்கச் செய்வதில்லை. அச்சுக் கோப்போரும் ஆசிரியரும் வேண்டும்.

1897 சனவரியில் மனைவி மக்களுடன் டர்பன் வந்திறங்கியபோது, வழக்கு வீட்டுக்குள் நுழைந்தது. உடன் வந்த சிறுவர் மூவர். சகோதரி மகனுக்கு வயது பத்து. தம் மக்கள் ஹரிலாலுக்கு ஒன்பது, மணிலாலுக்கு ஐந்து. இவர்களை எங்கே படிக்க வைப்பது? ஐரோப்பியர் பள்ளியில் இடம் பெற அவரால் இயலும். ஆனால் அது ஒரு தனிச்சலுகை, பிற இந்தியச் சிறுவர்க்குக் கிட்டாத சலுகை. கிறித்தவ சபைப் பள்ளிகளில் ஆங்கிலம் இருந்தது, பிழைபட்ட தமிழோ இந்தியோ இருந்தது, குஜராத்தி இல்லை. இரண்டையும் அவர் மறுத்தார். மாதம் ஏழு பவுன் ஊதியத்தில் ஆங்கில மாது ஒருவரைச் சிலகாலம் அமர்த்தினார். தாய்மொழியைத் தாமே கற்பிப்பதாகத் திட்டம். நாள்தோறும் ஒருமணி நேரமாவது ஒதுக்க எண்ணினார். பொதுப்பணி அந்த ஒருமணி நேரத்தையும் விழுங்கியது. இங்கேதான் அவருடைய கொள்கையின் மெலிந்த இடம் இருக்கிறது என்பது என் கருத்து. பள்ளியை மறுப்பது எளிதாக முடிந்தது. பள்ளிக்கு ஈடாக வீட்டை ஆக்குவது முடியவில்லை.

ஜோகன்னஸ்பர்க் இல்லத்தில் 1906ஆம் ஆண்டளவில் ஹென்றி போலக் என்னும் ஆங்கிலேய யூத நண்பர் உடன் வாழ்ந்தார். காந்தியடிகளைத் தமையனாராக மதித்தவர். அறப்போரில் தோள் கொடுத்தவர். அவருக்கும் இவருக்கும் இடையே ஓயாத வாக்குவாதம் ஒன்று நடந்துகொண்டேயிருந்தது. குழந்தைப் பருவம் முதலே ஆங்கிலம் போன்ற உலகப் பொதுமொழியைக் கற்பித்துவிட்டால், வாழ்க்கைப் பந்தயத்தில் பிள்ளைகள் பிறரினும் எளிதில் முந்துவர் என்பது போலக்கின் வாதம். தந்தை வீட்டில் குஜராத்தியிலேயே பேசிப் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கெடுக்கிறார் என்று அவர் வருந்தினார். அன்பினால் எழுந்த வருத்தம் அது. கைக்குழந்தையிலிருந்து அந்நிய மொழியில் எண்ணப் பழகும் பிள்ளை, தன் இனத்தின் ஆன்மச் செல்வத்தையும் சமூகச் செல்வத்தையும் இழந்து, தன் மக்களுக்குத் தொண்டு செய்யும் தகுதியையும் இழக்கும் என்பது காந்தியடிகளின் மறுமொழி. யாரும் யாரையும் வெல்லவில்லை. போலக்கைத் தாம் இணங்கச் செய்தோமா, அல்லது பிடிவாதக்காரர் என்று அவர் தம்மைக் கைவிட்டாரா என்பது நினைவில்லை என இருபது ஆண்டுகளுக்குப் பின் காந்தியடிகள் எழுதினார்.

இவ்வாதத்தைப் படிக்கும்போது போலக்கின் பக்கம் நம் மனம் சாய்வதை மறைக்க வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் எத்தனை பெற்றோர் அதே வாதத்தை அன்றாடம் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கின்றனர்! உயர்வை நாடும் அவ்வுள்ளத்தில் குற்றம் காண்பதற்கில்லை. காந்தியடிகளும் பிற்காலத்தில் தம் மக்களைப் பற்றி இருபுறமும் எழுதினார். முழுமையான ஏட்டுக்கல்வி இன்மையால் அவர்கள் இழந்தது உண்டு என ஒப்பினார். பட்டதாரி ஒருவரைக் காணும்போது அவர்கள் மனம் குறுகுவதை அறிந்திருந்தார். அதே வேளையில், தாய்மொழியைக் கைவிடாததாலும், ஆங்கில நண்பர்களிடையே வளர்ந்ததாலும், இருமொழியும் இயல்பாய்க் கைவந்தவர்களாக அவர்கள் ஆயினர் என்றார். மணிலால் இறுதிவரை பீனிக்ஸில் இந்தியன் ஒப்பீனியனை நடத்தினார். கடைசி மகன் தேவதாஸ் டெல்லியில் இந்துஸ்தான் டைம்ஸ் என்னும் ஆங்கில நாளேட்டின் ஆசிரியரானார். பள்ளிவாசல் மிதியாமல் வளர்ந்த மக்களுள் ஒருவர் ஆங்கில நாளேட்டின் ஆசிரியரானதைப் போலக் அறிந்து வியந்திருக்கக்கூடும்.

மூத்த மகனின் வரலாறு வேறு. ஹரிலால் தென்னாப்பிரிக்க அறப்போரில் பன்முறை சிறை சென்ற வீரர். மக்கள் அவரைச் சின்ன காந்தி என்று அழைத்தனர். அவர் விரும்பியது முறையான கல்வி. முன்னர்க் கூறிய மருத்துவர் மேத்தா, இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை அளிக்க முன்வந்தபோது, தமக்கு அது கிட்டும் என ஹரிலால் எதிர்பார்த்தார். தந்தை அதனை முதலில் உறவினர் சகன்லாலுக்கும் பின்னர்ச் சொராப்ஜி ஷாபூர்ஜி அடாஜானியாவுக்கும் அளித்தார். தந்தைக்கு அது நடுவுநிலைமை. மகனுக்கு அது மறக்கவொண்ணாத காயம். 1911ல் சொல்லாமலே வீட்டை விட்டு வெளியேறி, பின் தந்தையுடன் பேசி விடைபெற்று, அவர் இந்தியா வந்தார். வயது வந்த இளைஞராக, மனைவி மக்கள் உடையவராக, அகமதாபாத்தில் சிறுவர்களுடன் அமர்ந்து மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார். தேறவில்லை, மீண்டும் முயன்றும் தேறவில்லை. 1915ல் தந்தைக்கு ஒரு நீண்ட வெளிப்படைக் கடிதம் எழுதித் தம் குறைகளை அச்சிட்டார். மது, கடன், அலைச்சல் எனச் சிதைந்த அவ்வாழ்வு 1948 சூனில், தந்தை மறைந்த ஐந்தாம் மாதத்தில் முடிந்தது. அச்சிதைவுக்குக் கல்விமொழி ஒன்றே காரணமென்று கூறுவது நேர்மையாகாது. கல்விமொழிக்கும் அதில் பங்கில்லை என்பதும் நேர்மையாகாது.

மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். 1910ல் கல்லன்பாக் என்னும் ஜெர்மானிய யூத நண்பர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இருபத்தொரு மைல் தொலைவில் தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை அறப்போர்க் குடும்பங்களுக்கு வழங்கினார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிடப்பட்ட அவ்விடத்தில் இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவச் சிறுவர்கள் ஒன்றாக வாழ்ந்தனர். இந்தி, தமிழ், குஜராத்தி, உருது ஆகிய நான்கும் அவர்களின் தாய்மொழிகள். அவரவர் மொழியிலேயே கற்பிப்பது என முடிவாயிற்று. ஆங்கிலமும் ஒரு பாடமாக இருந்தது. காலை முழுதும் நிலத்தில் உழைப்பு. நண்பகலுக்குப் பின் வகுப்பு. உழைத்த களைப்பில் மாணவர் மட்டுமன்றி ஆசிரியரும் உறங்கிவழிவதுண்டு. கண்ணில் நீர் தெளித்துக்கொண்டு பாடம் தொடரும்.

தமிழ்ச் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்தவர் காந்தியடிகளே. அச்சிறுவர்கள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். பேச்சுத்தமிழ் ஓரளவு வரும், எழுத்து முற்றிலும் தெரியாது. போப்பின் கையேட்டளவே தமிழ் அறிந்த குஜராத்தி ஒருவர், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அகர வரிசையும் இலக்கணத் தொடக்கமும் சொல்லிக்கொடுத்தார். பேச்சில் தம் ஆசிரியரை எளிதில் வென்றுவிடலாம் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியும். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால், அம்மாணவர்களே மொழிபெயர்த்தனர். தம் அறியாமையை அவர்களிடம் ஒருபோதும் மறைக்காததால் அவர்களின் அன்பையும் மதிப்பையும் இழக்கவில்லை என்று அவர் எழுதினார். நமஸ்கார மந்திரத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து ஓதும் பிள்ளைகள் இன்று நம் இல்லங்களிலும் உள்ளனர். அவர்களை நோக்கும்போதெல்லாம் அப்பண்ணையின் பிற்பகல் வகுப்பு என் நினைவுக்கு வருகிறது.

அதற்குச் சற்று முன், 1909 நவம்பரில், இலண்டனிலிருந்து திரும்பும் கில்டோனன் காசில் கப்பலில், பத்தே நாளில் அவர் ஹிந்த் ஸ்வராஜ் நூலை எழுதினார். வலக்கை களைத்தபோது இடக்கையால் எழுதினார். எழுதிய மொழி குஜராத்தி. பம்பாய் அரசு அதனைத் தடை செய்ததும், அவரே ஆங்கிலத்தில் பெயர்த்து 1910ல் வெளியிட்டார். தம் கருத்து உலகை எட்டுவதற்குப் பொதுமொழி வேண்டும் என்பதை அவர் மறுத்தவரல்லர். அந்நூலின் கல்வி அதிகாரத்தில் அவர் வகுத்த முறை வருமாறு: ஒவ்வோர் இந்தியனும் முதலில் தன் மொழியைக் கற்க, சமய நூன்மொழியைக் கற்க, நாட்டுக்குப் பொதுவாக இந்தியைக் கற்க, வடக்கிலும் மேற்கிலும் உள்ளோருள் சிலர் தமிழையும் கற்க. இக்கடைசிப் பரிந்துரையை நினைவிற் கொண்டோர் வடநாட்டில் மிகச் சிலரே.

1915ல் நாடு திரும்பினார். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவில், தம் நாட்டு மக்களிடம் அயல்மொழியில் பேச நேர்ந்ததை நாணத்துக்குரியது என்று அவைநடுவே கூறினார். ஆங்கிலவழிக் கல்வியால் ஒவ்வோர் இளைஞனும் ஆறு ஆண்டுகளையாவது இழக்கிறான் என்றும் கணக்குக் காட்டினார். 1920 அக்டோபரில் அகமதாபாத்தில் குஜராத் வித்யாபீடம் தோன்றியது. அங்கே குஜராத்தி வழியாக உயர்கல்வி அளிக்கப்பட்டது. அதன் தொல்லியல் ஆய்வுப் பிரிவுக்கு முனி ஜினவிஜயர் தலைமை தாங்கினார். இளமையிலேயே பெரியம்மையால் பார்வை இழந்த பண்டித சுக்லால்ஜியும், ஆகம நூல்களைக் குஜராத்தியில் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்த பேச்சர்தாஸ் தோஷியும் சித்தசேன திவாகரரின் சன்மதி தர்க்கத்தை அங்கிருந்தே ஆராய்ந்து பதிப்பித்தனர். ஆறு தலைமுறை ஆங்கிலக் கல்லூரிகள் செய்யாத தொண்டு என்று மிகைபடக் கூறவேண்டியதில்லை. பிராகிருதமும் சமஸ்கிருதமும் ஆங்கிலத்தின் உதவியின்றி ஆழ்ந்து கற்கத்தக்கவை என்பதை அவர்கள் காட்டினர். 1929ல் வித்யாபீடம் வெளியிட்ட ஜோடணிகோசம் என்னும் அகராதி குஜராத்திச் சொற்களின் எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியது. தம் தன்வரலாற்றையும் காந்தியடிகள் குஜராத்தியிலேயே எழுதினார். மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

1921ல் கவியரசர் இரவீந்திரநாதருடன் கருத்து வேறுபாடு எழுந்தது. இராம் மோகன் ராயும் திலகரும் ஆங்கிலத்தில் எண்ணும் சுமையின்றி இருந்தால் இன்னும் பெரியோராகியிருப்பர் என்று காந்தியடிகள் ஒரிசாவில் பேசியது கவிஞரைப் புண்படுத்தியது. உலகோடு கொண்ட கதவை நாடு அடைத்துக்கொள்ளுமோ என அவர் அஞ்சினார். எல்லா நாட்டுக் காற்றும் தம் இல்லத்தில் வீசட்டும், ஆனால் அக்காற்றில் தம் காலூன்றிய நிலம் பறிபோகக் கூடாது என்ற கருத்தில் காந்தியடிகள் மறுமொழி தந்தார். இவ்வாதத்தை எடுத்துரைப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பள்ளிப் பிள்ளைக்கு வங்காளத்திலேயே கல்வி அளிக்க வேண்டும் என்று 1892லேயே எழுதியவர் தாகூர். சிறுவரின் கல்விமொழியைப் பொறுத்தவரை இருவரும் ஒரே கரையில் நின்றவர்கள்.

தமிழ்நாட்டோடு அவ்வழக்கு கொண்ட தொடர்பு இனிமையும் கசப்பும் கலந்தது. 1918ல் தேவதாசைச் சென்னைக்கு அனுப்பி இந்தி வகுப்புகளைத் தொடங்கினார். தமிழில் மோ. க. காந்தி என்று கையொப்பமிட்டுப் பலரை மகிழ்வித்தார். 1937 மார்ச்சில் சென்னையில் அவர் தலைமையில் பாரதிய சாகித்திய பரிஷத் கூடியபோது, வரவேற்புக் குழுத் தலைவராக உரையாற்றியவர் எண்பத்திரண்டு வயதான உ.வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணப் பெருமக்களிடம் ஐயம் தெளிந்து சீவக சிந்தாமணியை 1887ல் அச்சேற்றிய அதே பெரியார். அவர் அடிக்கீழ் அமர்ந்து தமிழ் கற்க வேண்டும் என்ற ஆவல் தமக்கு எழுவதாகக் காந்தியடிகள் கூறினார்.

மறு ஆண்டே இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழகம் கொதித்தெழுந்தது, மறியலும் சிறையும் தொடர்ந்தன, சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939ல் உயிர் நீத்தனர். 1940 பிப்ரவரியில் ஆளுநர் அவ்வாணையை நீக்கினார். காந்தியடிகள் இந்திக் கல்வியை ஆதரித்தே எழுதினார். ஒரே நாட்டினர் என்ற உணர்வுக்கு அது வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. ராஜ்கோட் வகுப்பறையில் தாம் பட்ட துன்பத்தை அவ்வளவு நுணுகி எழுதியவர், தமிழ்ச் சிறுவர் மீது ஏறிய இச்சுமையை அதே கண்ணால் காணவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பொதுமொழியின் பெயர் மாறினாலும், அது விரும்பிக் கற்கப்படுகிறதா, ஆணையால் கற்பிக்கப்படுகிறதா என்ற வேறுபாடு மாறுவதில்லை அல்லவா?

இதற்கிடையே, 1937 அக்டோபர் 22, 23 நாள்களில் வார்தாவில் கல்வி மாநாடு ஒன்றை அவர் கூட்டினார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதன் திட்டத்தை வகுத்தது. ஏழாண்டு கட்டாய இலவசக் கல்வி, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடமுறை, தாய்மொழியே பயிற்றுமொழி. நயி தாலீம் எனப் பெயர் பெற்ற அத்திட்டம் நாடு முழுதும் வேரூன்றவில்லை. நூல் நூற்பதைப் பெற்றோர் கல்வி என்று ஏற்கத் தயங்கினர். தம் பிள்ளைக்கு ஆங்கிலம் மறுக்கப்படுவதை அவர்கள் வாய்ப்பு மறுக்கப்படுவதாகவே கருதினர். செல்வர் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்கே சென்றுகொண்டிருந்த நாட்டில், அக்கருத்து முழுதும் தவறன்று.

1946 இறுதியில் வகுப்புக் கலவரத்தால் சிதைந்த நவகாளிக்கு அவர் சென்றார். எழுபத்தேழு வயது. ஊர் ஊராக நடந்தார். அங்கிருந்த மக்கள் பேசியது வங்காளம். அவருக்கு அது தெரியாது. தம் சொற்களைப் பிறர் பெயர்த்துக் கூறுவது அவருக்குப் போதவில்லை. எனவே எழுதுபலகையின் முன் அமர்ந்த சிறுவனைப் போல் வங்க எழுத்துகளை வரிசையாக எழுதிப் பழகத் தொடங்கினார். நாள்தோறும் சில வரிகள். நவகாளியை விட்டு வந்த பிறகும் அப்பயிற்சியை அவர் நிறுத்தவில்லை. பீகாரிலும் கல்கத்தாவிலும் டெல்லியிலும், அமைச்சர்களும் அகதிகளும் காத்திருந்த நாள்களிலும், அந்த வரிகள் எழுதப்பட்டன. 1948 சனவரி 30ஆம் நாள், டெல்லி பிர்லா மாளிகையில், நீராடி முடித்தபின் அன்றைய வங்காளப் பாடத்தையும் எழுதி முடித்து வைத்தார். மாலை வழிபாட்டுக்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது.